கவனிக்கலன்னு மட்டும் சொல்லு

…தோள்வரைக்கும் வெட்டினால் போதும் என்கிறாள், சரி என்றேன், வேறு என்ன சொல்வது, இத்தனை மாதம் கழித்து என் தம்பி மனைவி என் பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு அண்ணி கிண்ணி எதுவும் இல்லாமல், யாரோ ஒரு கஸ்டமர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து "முடி வெட்டணும்" என்றால், எவ்வளவு என்று கேட்கலாம், அதைத்தான் கேட்டேன். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டும்போது முடிச்சை ரெண்டு தரம் அவிழ்த்துக் கட்டியதைக் கண்ணாடியில் பார்த்திருப்பாள். பார்க்கட்டும். பின்னலைப் பிரிக்கிறேன், இடுப்புக்குக் கீழே இறங்குகிறது, இந்த முடியைப் பார்த்துத்தான் தம்பி மயங்கினான் என்று கல்யாணமான புதிதில் நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம், அவனும் இல்லை என்று சொல்ல மாட்டான், இப்போது நுனியெல்லாம் பிளந்து, சீப்பு பாதியிலேயே சிக்குகிறது. காலையில் வேன் வந்துவிடுகிறதாம், மருந்து கம்பெனியில் பெட்டி அடுக்குகிற வேலை, தலை சீவவே நேரமில்லை என்கிறாள், என்னைப் பார்த்தல்ல, கண்ணாடியைப் பார்த்து. அவன் உள்ளே போன பிறகு கிடைத்த வேலை. அவன் உள்ளே போனது என்னால். அப்படித்தானே எல்லோரும் சொல்கிறார்கள், போனைப் பார்த்துக்கொண்டு கார் ஓட்டியது அவன், செத்தது சைக்கிளில் போன ஒரு மனுஷன், ஆனால் ஜெயிலுக்கு அனுப்பியது நான்… தண்ணீரைத் தெளிக்கிறேன், குளிர்ந்திருக்கும் போல, தோளைக் குறுக்கிக்கொள்கிறாள், கொஞ்சம் பொறுத்துக்கம்மா என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

அந்த மனுஷன் ஓரமாகத்தான் போனான், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, எவ்வளவு ஓரமாக, நடைபாதையை உரசிக்கொண்டு, பின்னால் கேரியரில் ஒரு பை கட்டியிருந்தான். நான் முன் சீட்டில் இருந்தேன், தம்பி ஏதோ மெசேஜைப் பார்த்துச் சிரித்தான், குனிந்த தலை நிமிரவில்லை, டேய் என்று கத்தினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ரோட்டில் உட்கார்ந்து அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததும், தம்பி ஓரமாக நின்று வாந்தி எடுத்ததும், யாரோ வேனை நிறுத்தியதும்… நான் அந்த ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன், தம்பி வீட்டுக்குப் போனான். வழியிலேயே உயிர் போய்விட்டது, என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது, அதை அந்த ஆளின் அண்ணனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் போலீஸ் வந்தபோது தம்பி, அந்த ஆள் திடீரென்று குறுக்கே வந்துவிட்டான் என்றான், என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். சின்ன வயதில் அவனுக்கு முடி வெட்டுகிறேன் என்று காதை வெட்டிவிட்டேன், ரத்தம் கொட்டியது, அம்மாவிடம் அவன் தகரம் கிழித்துவிட்டது என்றான், அழாமல் சொன்னான், என்மேல் ஒரு அடி விழவிடவில்லை. அவன் எனக்காகச் சொன்னான், நான் அவனுக்காகச் சொல்லவில்லை. காதும் உயிரும் ஒன்றா? ஒன்றில்லை. ஒன்றில்லை என்று எனக்கு நானே எத்தனை தரம் சொன்னாலும் அந்தக் காது வந்து முன்னால் நிற்கிறது.

முடியை நாலாகப் பிரித்துக் கிளிப் போடுகிறேன், கை தன் வேலையைச் செய்கிறது, நல்லவேளை கைக்கு மனசு இல்லை. கோர்ட்டில் சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின மாலை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டே, சத்தம் போடாமல், கெஞ்சாமல், கறிகாய் விலை பேசுவதுபோலச் சொன்னாள். "உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா? கவனிக்கலன்னு மட்டும் சொல்லு. இல்ல, தூங்கிட்டேன்னு சொல்லு. அதுல என்ன வந்துடப் போகுது?" நான் "தூங்கலையேம்மா" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சண்டை. தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் வைத்து "வீட்டுச் சாவியக் குடு" என்றாள். பார்லர் சாவியும் அதே வளையத்தில் இருந்தது, நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றினேன், நகம் உடைந்தது, அம்மா நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். எதிரே செத்தவனின் அண்ணன் குடையை மடக்கிக்கொண்டு போனான், நன்றி என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்தேனா, இல்லை, ஆனால் அவன் பார்த்த பார்வை… சொந்தத் தம்பியையே இப்படிச் செய்தவள் எப்படிப்பட்டவளோ என்று அவனுக்கும் தோன்றியிருக்குமோ.

எல்லோருக்கும் தோன்றுகிறது. எதிர்க்கடைத் தையற்காரர் "நீங்க செஞ்சது சரிதான், ஆனா…" என்பார், அந்த ஆனாவுக்குப் பிறகு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவார். புருவம் திருத்த வருகிற குண்டு அக்கா முனைக் கடைக்கு மாறிவிட்டாள், வழியில் பார்த்தால் சிரிக்கிறாள், அவள் புருவம் ரெண்டும் ரெண்டு ஊருக்குப் போகிறது, அதைச் சொல்லவா முடியும். இன்னும் வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள், கத்தரியைக் கையில் வைத்திருப்பவளிடம் யார் வம்புக்கு வருவார்கள். வெளியே போனதும் என்ன பேசுகிறார்களோ.

முதல் வெட்டு விழுகிறது, ஒரு முழ நீளம், தரையில் சத்தமே இல்லாமல். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். மூடிக்கொண்டே, மனப்பாடம் செய்ததுபோல, "வக்கீல் சொல்றார் அண்ணி, அப்பீல் போடலாமாம். நீங்க சரியா கவனிக்கலன்னு மட்டும் எழுதிக் குடுத்தா போதுமாம்" என்கிறாள். அண்ணி என்றுவிட்டாள். அதற்காகவே எழுதிக் கொடுத்துவிடலாம் போல ஒரு நொடி… இல்லை, ஒரு நொடிக்கும் மேலேயே… அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, சாப்பிடுகிறாளா, உள்ளே அவன் சாப்பிடுகிறானா, மழை பெய்தால் அவனுக்கு மூச்சு இழுக்கும், அங்கே யார் வெந்நீர் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்தால் அவன் வந்துவிடுவான். எழுதிக் கொடுத்தால் அந்தச் சைக்கிள்காரன் குறுக்கே வந்தவன் ஆகிவிடுவான், ஓரமாக, அவ்வளவு ஓரமாகப் போனவன்… "நான்தான் கவனிச்சேனே" என்றேன். என் குரல்தானா, யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல இருந்தது.

அவள் கோபப்படவில்லை. கண்ணைத் திறந்தாள், "தெரியும். மாட்டீங்கன்னுதான் நானும் சொன்னேன். அத்தைதான், போய்க் கேட்டாவது பாருன்னாங்க" என்றாள். கத்தரியை நிறுத்தினேன். அம்மா அனுப்பியிருக்கிறாள், என்னிடம் ஏதோ கேட்கிறாள், அதுவே… வாய் தானாகக் கேட்டுவிட்டது: "அம்மா இன்னும் அவன் சொன்னதத்தான் நம்பிட்டிருக்காங்களா?"

"எத?"

"அந்த ஆள் குறுக்க வந்தான்னு."

கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள், நான் விளையாடுகிறேனா என்பதுபோல. "அண்ணி… அத்தைக்கு அன்னைக்கே தெரியுமே. அவர் வீட்டுக்கு வந்ததும் அத்த காலப் பிடிச்சு அழுதார், போனைப் பார்த்துட்டிருந்தேம்மா, அந்த ஆள் ஓரமாத்தான் போனார்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். இத வெளிய விடாத, குறுக்க வந்தான்னு சொல்லுன்னு அத்தைதான் சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

மிச்சத்தையும் வெட்டினேன், நுனியைச் சமன் செய்தேன், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்காமல் சரியாகத்தான் வந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை. துணியை உதறினேன். அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், லேசா இருக்கு என்றாள், கதவருகே போய் நின்று, "உடம்பப் பார்த்துக்குங்க அண்ணி" என்றாள், பிறகு ரோட்டில் இறங்கி, தோள்வரை முடியோடு வேறு யாரோ மாதிரி நடந்து போனாள். கூப்பிடவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தரையில் கிடந்த முடியைப் பெருக்கினேன்…

இத்தனை நாளும் படுக்கும்போது ஒரு காட்சியை ஓட்டிப் பார்ப்பேன், அதைப் பார்த்தால்தான் தூக்கம் வரும். தம்பி ஒருநாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவான், அம்மா இங்கே வருவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு "உன்னத் தப்பா நெனச்சுட்டேன்டி" என்பாள், நான் "பரவாயில்லம்மா" என்பேன், அழக் கூடாது, சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று குரலைக்கூடப் பழக்கி வைத்திருந்தேன். தம்பிமேல் இருந்த பொறாமையில் நான்தான் பொய் சொல்லிவிட்டேன் என்று அம்மா நினைக்கிறாள், பாவம், அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் வந்துவிடுவாள் என்று… அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சோறு போட்டுக்கொண்டு என்னிடம் பேசியபோதே தெரிந்திருக்கிறது. சாவிக்குக் கை நீட்டியபோதும்.

கதவு திறக்கிறது, யாரோ ஒரு பெண், புதியவள், புருவம் திருத்தணும், இப்ப முடியுமா என்கிறாள். வாங்க, உட்காருங்க. சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள், நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன், இனிக் கொஞ்ச நேரத்துக்கு நான் எதுவும் பேச முடியாது, நல்லதுதான். அம்மா என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளவே இல்லை… முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள், நான் நிஜம் சொன்னேன் என்று தெரிந்தேதான் கதவைச் சாத்தினாள், அப்படியென்றால் அவள் ஒருநாள் இங்கே வந்து நின்றால், நான் எதற்குப் பரவாயில்லை என்பது, அவள்தான் எதற்கு வரப்போகிறாள்…