ஒரே தாய்வழி

"ஜல்தி போக்கா! அந்த லாரியைத் தாண்டு!"

பின்சீட்டிலிருந்து செந்தாமரை கத்தினாள். தேவயானி ஸ்கூட்டரை முறுக்கினாள். செந்தாமரையின் கல்யாண மாலை காற்றில் எழும்பி, தேவயானியின் ஹெல்மெட் கண்ணாடியில் சப்பென்று அடித்தது.

"மாலையைக் கழட்டிடேன்மா! எனக்கு ரோடே தெரியல!"

"தாலி ஏறாம கழட்ட மாட்டேன். நீ ஓட்டு!"

ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில் அன்று காலை வண்டி ஓட்டியவர்கள் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பட்டுப்புடவையில் மணப்பெண். ஓட்டுவது ஓர் ஆராய்ச்சிக்காரி. இருவரும் துரத்துவது மாப்பிள்ளையை.

மாப்பிள்ளை வல்லரசு ஓடிப் போகவில்லை பாவம். அவன் பெரியப்பா சுப்பராயலுதான் சொந்தபந்தத்தோடு சேர்த்து அவனையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பா இல்லாத பையன். பெரியப்பா சொன்னால் சொன்னதுதான்.

எல்லாம் தேவயானியின் வாயால் வந்த வினை.

மரபணுவை வைத்து மனிதர்கள் எந்த வழியாக எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று தேடுவது அவள் வேலை. விழுப்புரம் மாவட்டத்து இருளர் குடியிருப்புகளில் நடையாய் நடந்து, சம்மதித்தவர்களிடம் சின்னக் குப்பியில் எச்சில் வாங்கி வந்திருந்தாள். செந்தாமரை வீடு ஒலக்கூர் பக்கம், வல்லரசு வீடு மண்டகப்பட்டுப் பக்கம். இரண்டு இடத்திலும் அவளுக்குப் பழக்கம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். வந்தவள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். காலை டிபனில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தோஷப்படுத்துகிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தாள்.

"ரிசல்ட் வந்துடுச்சுங்க. உங்க ஊரும் பொண்ணு ஊரும் ஒரே தாய்வழி!"

சுப்பராயலு இட்லியிலிருந்து கையை எடுத்தார். "அப்படின்னா?"

"ஒரே அம்மாகிட்டேருந்து வந்த வம்சம். ரொம்ப ரொம்ப..."

'முன்னாடி' என்று அவள் முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"ஒரே அம்மாவுக்குப் பொறந்தா அண்ணன் தங்கச்சி. தங்கச்சி கழுத்துல எவன்யா தாலி கட்டுவான்? ஏறுங்கடா வண்டியில!"

பெண்ணின் அப்பா கெஞ்சினார். தேவயானி விளக்கினாள். யார் காதிலும் ஏறவில்லை. வண்டி கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் செந்தாமரை நேராக வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

"நீதான கெடுத்த? நீயே சரி பண்ணு. அண்ணன் தங்கச்சின்னு பேரு விழுந்துட்சின்னா அப்புறம் எந்தப் பஞ்சாயத்தும் எங்களைச் சேத்து வைக்காதுக்கா. ராகுகாலம் பொறக்கிறதுக்குள்ள அவரு என் கழுத்துல தாலி கட்டணும்."

குரல் அதட்டலாகத்தான் இருந்தது. ஆனால் தேவயானியின் தோளைப் பிடித்த பிடியைத் தளர்த்தவே இல்லை.

திண்டிவனம் மேம்பாலத்துக்கு அடியில் பிடித்துவிட்டார்கள். கோபத்தில் பாதி இட்லியோடு எழுந்து வந்த கூட்டம் எவ்வளவு தூரம் தாங்கும்? டீக்கடை ஓரமாகக் குட்டியானையை நிறுத்தி, ஆளுக்கொரு போண்டாவைக் கடித்துக்கொண்டிருந்தது. வல்லரசு மட்டும் மாலையும் கழுத்துமாக வண்டியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செந்தாமரையைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"குந்துடா!" என்றார் சுப்பராயலு. தேவயானியிடம் திரும்பினார். "இன்னா மேடம், அண்ணனைப் பாக்கத் தங்கச்சியை இட்டுக்கினு வந்தியா?"

"இன்னொரு தபா தங்கச்சின்னு சொல்லு மாமா," என்றாள் செந்தாமரை, "நடுரோட்லயே குந்திடுவேன்."

தேவயானி மூச்சு வாங்கினாள். "ஐயா, அந்த அம்மா வாழ்ந்தது பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடிங்க. அவங்க வாரிசு உங்க ரெண்டு ஊர்ல மட்டும் இல்ல. மலையில இருப்பாங்க, கடலோரத்துல இருப்பாங்க. இந்த டீ மாஸ்டர்கூட அவங்க வழியில வந்தவரா இருக்கலாம்."

"என்னை ஏன்மா பஞ்சாயத்துல இழுக்கிற?" என்றார் டீ மாஸ்டர்.

சுப்பராயலு சிரிக்கவில்லை. "எத்தினி வருசம் ஆனா இன்னா மேடம்? அம்மா அம்மாதான். எங்க ஆளுங்க காட்டை விட்டாங்க, மலையை விட்டாங்க. முறையை மட்டும் விடல. அதையும் இன்னைக்கு விடச் சொல்றியா?"

தேவயானிக்கு ஒன்று புரிந்தது. மனிதர் வீம்புக்காக நிற்கவில்லை. தன்னிடம் மிச்சமிருக்கும் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிடுங்கப் போனால் இன்னும் இறுக்குவார். செந்தாமரை வானத்தைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது.

அப்போது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல். சுப்பராயலுவின் மனைவி காந்திமதி. மடியில் மல்லாட்டைக் கடலையைப் போட்டு உரித்துத் தின்றுகொண்டிருந்தவள்.

"மேடம், அந்தத் தாய்வழின்றது எப்பிடிப் போவும்?"

"அம்மாகிட்டேருந்து பிள்ளைங்க எல்லாருக்கும் வரும்மா. ஆனா பொண்ணுங்க மட்டும்தான் அதைத் தன் பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்க. பசங்ககிட்ட வந்து அதோட நின்னுடும்."

"அப்ப எங்க மாமாவுக்கு அவங்க அம்மா வழி?"

"ஆமாம்மா."

"எனக்கு எங்க அம்மா வழி. எங்க அம்மாவுக்கு எங்க ஆயா வழி."

"கரெக்ட்."

காந்திமதி உரிப்பதை நிறுத்தினாள். எதையோ யோசித்தாள். திடீரென்று குபீரென்று சிரித்தாள். தொலியைத் தட்டிவிட்டு வண்டியிலிருந்து குதித்து, "இங்க வா மாமா" என்று புருஷனின் சட்டையைப் பிடித்து டீக்கடைக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

காதில் என்னவோ சொன்னாள். தேவயானி எட்டிப் பார்த்தாள். சுப்பராயலுவின் புருவம் முதலில் சுருங்கியது. அப்புறம் வாய் லேசாகத் திறந்தது. மனைவியை மேலிருந்து கீழ்வரை, புதிதாகப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி பார்த்தார். சொந்தக்காரர்கள் பக்கம் திருட்டு முழி முழித்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்னாடா வேடிக்கை? நேரம் ஆவுதில்ல? வண்டியைத் திருப்பு!"

"எங்க பெரிப்பா?" வல்லரசு நம்பாமல் கேட்டான்.

"கல்யாணத்துக்குடா!"

"அண்ணன் தங்கச்சின்னியே?"

"எவன்டா சொன்னான்? முறை வேற, எச்சில் வேற. ஏறுடான்னா!"

போண்டாவைப் பாதியில் விட்டவர்கள் குதித்து ஏறினார்கள். வல்லரசு நைசாக ஸ்கூட்டர் பக்கம் வந்தான். "தாலியைக் கட்டிட்டு வா, அப்புறம் ஏறிக்கலாம்" என்று செந்தாமரை அவனைத் துரத்திவிட்டாள். துரத்திய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது தேவயானி நிதானமாக ஓட்டினாள். முன்னால் குட்டியானையில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். தோளில் இருந்த கை இப்போது அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டது. 

ராகுகாலத்துக்கு முன்னாலேயே வல்லரசு தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சைப் போட அவன் திணற, "ஜேசிபி ஓட்டுற கையா இது?" என்று செந்தாமரை முணுமுணுத்தது பந்தல் முழுக்கக் கேட்டது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சுப்பராயலு. அட்சதை போட்ட கையோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் இறங்கிவிட்டார்.

தேவயானி இலைபோட்டு உட்கார்ந்தாள். காலையில் சாப்பிடாமல் விட்ட கேசரி இப்போது தேனாக இனித்தது. பக்கத்து இலையில் காந்திமதி.

"அம்மா, அவர் காதுல அப்பிடி என்னதான் சொன்னீங்க?"

காந்திமதி சுற்றுமுற்றும் பார்த்தாள். சுப்பராயலு அந்தக் கோடியில் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"எங்க ஜனத்துக்கே இன்னும் தோணல. நீ வாயைத் தொறக்க மாட்டியே?"

"சத்தியமா இனிமே எந்தக் கல்யாணத்துலயும் தொறக்க மாட்டேன்."

"ஒரே தாய்வழி சேரக் கூடாதுன்னா, மொதல்ல நீ உன் பொட்டியைக் கட்டிக்கினு கெளம்பு மாமான்னேன்."

"அவர் ஏன் கெளம்பணும்?"

காந்திமதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எங்க அம்மா யாருன்னு உனக்குத் தெரியாதில்ல? அவரோட கூடப்பொறந்த அக்கா."