இரண்டு மாமரங்கள்

காலையிலிருந்து ஓங்கோடியாவின் வயிறு எதையும் ஏற்கவில்லை. மனைவி அசெகெனியே கிண்டி வைத்த கேழ்வரகுக் களியை இரண்டு முறை வாயில் போட்டான். இரண்டு முறையும் வெளியே வந்து துப்பினான். தோள் வலித்தது. விரல்கள் நடுங்கின. குடிக்காமல் இது மூன்றாவது நாள்.

கல்குவாரியில் அவன் சம்மட்டி அடிப்பவன். ஒருவன் உளியைப் பாறைமேல் நிறுத்திப் பிடிக்க, இவன் ஓங்கி அடிக்க வேண்டும். புதன்கிழமை அடி தவறி, உளி பிடித்திருந்த எமோருட்டின் இரண்டு விரல்கள் நசுங்கின. "உளி வழுக்கிடுச்சு" என்றான் ஓங்கோடியா. வலியில் துடித்தவனால் மறுத்துப் பேச முடியவில்லை. பிடித்தவன்மேல்தான் தப்பு என்று மேஸ்திரி எமோருட்டை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். ஆனால் ஓங்கோடியா குடித்திருந்தது மற்ற ஆட்களுக்குத் தெரியும். அதன்பின் ஓங்கோடியாவுக்கு உளி பிடிக்க ஒருவனும் வரவில்லை.

"திங்கக்கிழமை நான் புடிக்கிறேன்" என்றாள் அசெகெனியே.

"உனக்கென்ன பைத்தியமா?"

"வேற யாரு வருவா? உங்க பாட்டன் குழியிலேர்ந்து எந்திரிச்சு வருவாரா? ரெண்டு விரலு போனாலும் மீதி எட்டு இருக்கும்ல."

அந்தப் பேச்சு அவனை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. எமோருட்டுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் அன்றே சொல்லியிருந்தாள்: "குடிய விடறவங்க சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடுவாங்க. பருத்தி ஆலைக்குப் பின்னால, மாமரத்தடியில. வட்டமா நாற்காலி போட்டிருக்கும். பேரு மட்டும் சொன்னா போதும்."

சனிக்கிழமை மூன்று மணிக்கே போய்விட்டான். மூடிக் கிடந்த ஆலையை இரண்டு சுற்றுச் சுற்றினான். பாதி வழி திரும்பி நடந்தான், மறுபடி வந்தான். மரத்தடியில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாப்பா, உக்காரு" என்றார் ஒருவர். பக்கத்திலிருந்தவர் நோட்டைத் திறந்தார். "பேரு?"

தயங்கினால் ஓடிவிடுவோம் என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். "ஓங்கோடியா. குடிச்சு ஒருத்தன் கைய நசுக்கிட்டேன். விட முடியல. திங்கக்கிழமை எம் பொண்டாட்டி உளி புடிக்கப் போறா. அவ கையும் போயிடும்."

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"யோவ், விட முடியாமத்தான நாங்களும் இங்க உக்காந்திருக்கோம்!"

"எழுதுய்யா செயலாளரே, புது மெம்பரு!"

அப்போதுதான் ஆஜோன் என்ற கேழ்வரகுக் கள்ளின் பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஒரு பெண் கொதிநீர் ஊற்றினாள். புளித்த கேழ்வரகின் வாசனை எழுந்தது. கிளையில் சாத்தியிருந்த நீளக் குழல்களை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். அந்த ஊரில் குடிப்பவர்களும் வட்டமாகத்தான் உட்காருவார்கள், தலைவர், செயலாளர், விதிமுறை எல்லாம் வைத்துக்கொண்டு. எந்த வட்டம் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஒருவர் குழலை அவன் கையில் திணித்தார். "ஒரு இழுப்பு இழு. நடுக்கம் நின்னுடும்."

நின்றுவிடும். அது பொய்யில்லை என்பதுதான் பயங்கரம். குழல் உதட்டருகே வந்தது.

கொதிநீர் ஊற்றிய அமுகே அதை வெடுக்கென்று பிடுங்கினாள். "அண்ணே, நீங்க தேடி வந்த மரம் இது இல்ல. இதே ஆலைக்குப் பின்னாலதான், தடுப்பூசிக் கொட்டகையத் தாண்டி இன்னொன்னு நிக்குது. அங்க எம் புருஷன் ஓக்குருட் இருப்பாரு, போங்க."

"பொண்டாட்டி ஊத்துறா, புருஷன் நிறுத்துறான். நல்ல குடும்பம்டா!" என்றான் வட்டத்தில் ஒருவன்.

"ஊத்துறதாலதான் எம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்க. உங்களுக்கு ஊத்துறேன். பொண்டாட்டி விரலுக்குப் பயந்து வந்த மனுசனுக்கு ஊத்த மாட்டேன். எந்திரிங்கண்ணே!"

இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடினான்.

கொட்டகைக்குப் பின்னால் மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. ஓக்குருட் அவன் கைகளைப் பார்த்தார்.

"நான் தனியா எட்டுத் தடவ விட்டேன், எட்டுத் தடவயும் திரும்பப் போனேன். குடிக்கறதுக்கு ஊரே வட்டம் போட்டு உக்காருது. விடறவன் மட்டும் ஏன்யா தனியாக் கெடந்து சாகணும்? துணை தேடுறதுல வெக்கமே இல்ல. இந்த நடுக்கத்தோட வீட்டுக்குப் போகாத, வலிப்பு வந்துடும், ஆபத்து. மொதல்ல நர்ஸப் பாப்போம், நானும் வரேன்."

"திங்கக்கிழம?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"சம்மட்டியத் தொட மாட்டேன். பொம்பளைங்களோட உக்காந்து ஜல்லி ஒடைக்கிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

"குவாரியில உளி வழுக்குச்சுன்னு சொன்னீங்களாமே, அது?" என்று அவளே கேட்டாள்.

"வழுக்கல. நான் போதையில அடிச்சேன்."

"எங்ககிட்ட சொல்லிட்டீங்க. வேலை போனவன்கிட்ட?"

ஓக்குருட் அவன் முழங்கையைப் பிடித்து நர்ஸிடம் அழைத்துப் போனார்.

எமோருட்டுக்கு ஓங்கோடியா இரண்டு விரல்களும் ஓர் உண்மையும் கடன்பட்டிருந்தான். விரல்களைத் திருப்பித் தர முடியாது. உண்மையை இன்னும் தரவில்லை.