பானையில் முதல் கை

கிழக்கு வெளுப்பதற்குள் மீன் கொட்டகையின் தரை ரத்தமும் தண்ணீருமாக வழுக்கியது. முடியை வைத்தே சுருட்டை என்று பெயர் வாங்கியவள், ஒரு கையால் சூரை மீனின் செவுளைப் பிடித்து, மறு கையால் கத்தியை இறக்கினாள். தலை தனி, உடல் தனி. முன்பெல்லாம் மீன் பெட்டிக்குள் கைவிட்டால் விரல் மரத்துப்போகும். இந்த வருஷம் ஐஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெதுவெதுவென்று தண்ணீர்தான் தளும்பியது. கடல் சூடாகி மீன் தூரமாகப் போய்விட்டது, தேடிப்போன படகு திரும்புவதற்குள் ஐஸ் கரைந்துவிடுகிறது என்று படகுக்காரர்களே புலம்பினார்கள்.

ஆனால் சுருட்டையின் மனசை அரித்தது மீன் அல்ல, வேலை வாங்கும் மேஸ்திரி.

வெட்டிப்போட்ட தலைகளை மத்தியானம் ஒரே பானையில் வேகவைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அந்தக் கொட்டகை வழக்கம். பானையில் முதல் கை மேஸ்திரியுடையது. மீன் கண் என்றால் உயிரை விடுவார். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறார். கேட்டால் வயிறு சரியில்லையாம். வயிறு சரியில்லாதவர் டப்பாவை வழித்தா தின்பார்?

அன்று பானையைச் சுற்றி உட்கார்ந்தபோது, கூடவே மீன் வெட்டும் அவள் நாத்தனார்தான் முதலில் சொன்னாள்.

"அண்ணி, இன்னைக்கு மிளகை அள்ளிப் போட்டுட்டியா? நாக்கு சுருக்குங்குது."

சுருட்டை மிளகே போடவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். சற்று நேரத்தில் நாத்தனாரின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று தடித்தன. நெஞ்சு படபடக்கிறது என்று சுவரோரம் சாய்ந்தாள். அடுத்து இன்னும் இரண்டு பேர். மூவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

முதலாளி வாசல்படியைத் தாண்டவில்லை. வெயில் தாங்காமல் வந்த மயக்கம்தான், சாயங்காலத்துக்குள் மீன் லாரி ஏறியாக வேண்டும் என்றார்.

"நானும் இதே வெயில்லதான் நிக்கிறேன்," என்றாள் சுருட்டை. "சாப்பிட்டவங்களா பாத்து அடிக்குமா அந்த வெயிலு?"

"ஒழுங்கா வேகவச்சிருக்க மாட்டே."

"கொழைய வெந்திருக்கு. நீங்களே பாருங்க."

ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் நீட்டினாள். முதலாளி கிண்ணத்தைப் பார்த்தார். மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "மொதலாளிக்கும் வயிறு சரியில்லையோ?" என்றது.

முதலாளி கிண்ணத்தைத் தொடவில்லை.

"லாரி கிளம்பலன்னா நாளைக்கு ஒருத்தருக்கும் இங்க வேலை கிடையாது," என்று சொல்லிவிட்டு முதலாளி போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

மேஸ்திரி தரையைப் பார்த்துப் பேசினார். "ராத்திரியில ஐஸ் மெஷினை நிறுத்தச் சொல்லிட்டாரு, கரன்ட் செலவாகுதாம். மீனு பாக்க நல்லாத்தான் இருக்கும், நாறாது. ஆனா சூட்டுல கிடந்ததுல ஊறுற விஷம் வேகவச்சாலும் போவாது."

"தெரிஞ்சுகிட்டே எங்களைத் தின்ன விட்டீங்க," என்றாள் சுருட்டை.

மேஸ்திரி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சுருட்டை கத்தியைப் பலகைமேல் கவிழ்த்து வைத்தாள். பக்கத்துக் கத்தி கவிழ்ந்தது. பிறகு வரிசையாக எல்லாக் கத்திகளும். மீனைச் சோதித்துப் பார்க்க வேண்டும், மெஷின் இரவும் ஓட வேண்டும், அதுவரை ஒரு பெட்டியும் நகராது என்று பேசி முடித்துப் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லாரியிலிருந்து சுமை தூக்க வந்தவன் இந்த மீனெல்லாம் கடைசியில் யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டான்.

"உன் வீட்டுக்கும்தான்," என்றாள் சுருட்டை. அவனும் உட்கார்ந்தான்.

நாத்தனாருக்குப் படபடப்பு அடங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. வெளியே முதலாளி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார். கூப்பிடுவது போலீஸையா, வேலைக்கு வேறு ஆட்களையா, தெரியவில்லை.

மேஸ்திரி மெதுவாக வந்து, அன்று இன்னும் தொடாத தன் சோற்று டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தார். ஒருவரும் தொடவில்லை. எல்லோர் கண்ணும் அவர் கைமேல்தான் இருந்தது. அவர் ஒரு வாய் எடுத்துத் தின்றார். விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, சுருட்டை நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். பிறகு டப்பாவுக்குள் கையை நீட்டினாள்.