பனியாற்றில் ஒரு குண்டு சைக்கிள்

"காத்த எறக்குங்க அண்ணி! சொன்னா கேளுங்க, காத்த எறக்குங்க!"

கரையில் நின்று பியூலா கத்தினாள். லொரெய்ன் காதில் வாங்கவில்லை. அடுத்த நொடி சைக்கிளின் முன்சக்கரம் பனிக்குள் புதைந்து அவளைக் குப்புறத் தள்ளியது. எழுந்து முகத்தில் அப்பிய பனியை வழித்தெறிந்தாள்.

"டயர்னா கல்லு மாதிரி இருக்கணும். நான் சின்ன வயசுல ஓட்டினதெல்லாம் அப்படித்தான்."

"அது வெயில்கால சைக்கிள். இது குண்டு சைக்கிள், உங்கள மாதிரி. கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாத்தான் பனி மேல நிக்கும்."

"யாருடி குண்டு? உங்க அண்ணன் ஒரு நாள் அப்படிச் சொன்னதில்ல, தெரியுமா?"

"பயம். வேறென்ன?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவருமே சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

லொரெய்னின் கணவன் க்ளெமென்ட் போய் ஓராண்டு ஆகப்போகிறது. போன வசந்தத்தின் தொடக்கத்தில், பனி இளகுவதற்குக் கொஞ்சம் முன்னால், இயந்திரப் பனிவண்டியில் உறைந்த யூக்கான் ஆற்றின் மேல் வந்துகொண்டிருந்தவன் பனி உடைந்து வண்டியோடு உள்ளே போய்விட்டான். ஆற்றோடு கீழே போனால் வரும் கீழூர்க்காரர்கள்தான் பனிக்கட்டியை வெட்டி, கொக்கி போட்டுத் துழாவி உடலை எடுத்தார்கள். அவன் பிறந்த ஊரும் அதுதான். அங்கேயே அடக்கமும் நடந்தது. இப்போது நினைவு விருந்தும் அங்கேதான். வழக்கப்படி, உடலைத் தேடியவர்களுக்கு மனைவி தன் கையால் பரிசு கொடுக்க வேண்டும். எழுந்து நின்று, போனவனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவும் வேண்டும்.

பரிசு தயாராக இருந்தது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பீவர் என்ற நீர்விலங்கின் தோலில் கையுறைகள் தைத்திருந்தாள். வார்த்தைதான் இல்லை. பேசிக்கொண்டே ஆற்றைப் படித்துவிடுகிற மனிதன் க்ளெமென்ட். அவன் எப்படி விழுவான்? குடித்திருப்பான் என்றது ஊர். லொரெய்ன் வாயால் சொல்லவில்லையே தவிர, அவள் மனதிலும் அதுதான் கிடந்தது. குடித்துவிட்டு என்னை விட்டுப் போனாயே என்ற ஆத்திரம் அழுகைக்குக்கூட வழிவிடவில்லை.

கீழூருக்குச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் ஆறுதான் சாலை. ஆனால் பனிவண்டியின் மிதிபலகையில் கால் வைத்தாலே அவளுக்குத் தொடை விறைத்துவிடுகிறது. அந்த இரைச்சலில் அடியில் என்ன நடக்கிறது என்றே தெரியாது, நான் ஏற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

பியூலாதான் இந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஆண்டுதோறும் நெடும்பந்தயச் சைக்கிள்காரர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போவார்கள். அப்படி வந்த ஒருவர் கால்விரல்கள் குளிரில் கறுத்துப்போய், விமானத்தில் ஏறும்போது சைக்கிளை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். பியூலா அதில்தான் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போய்வருகிறாள்.

கடைசியில் லொரெய்ன் வால்வை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று போனது. கட்டைவிரலால் அழுத்தினால் டயரில் பள்ளம் விழும் அளவுக்கு இறக்கியதும் சைக்கிள் வேறு ஒன்றாகிவிட்டது. பனியைக் கிழிக்காமல் அதன்மேல் படுத்து உருண்டது.

"அவ்ளோதான்! இப்ப இன்னொண்ணு. வேர்க்க விடாதீங்க. வேர்வை உடம்புலயே உறைஞ்சிடும். மூச்சு வாங்கினா எறங்கித் தள்ளுங்க. அதுல ஒரு வெக்கமும் இல்ல."

"ஆத்துல பனிக்கட்டி கெட்டியா இருக்குமா?"

பியூலா உதட்டில் விரல் வைத்தாள். "அப்படியெல்லாம் வாய்விட்டுக் கேக்காதீங்க அண்ணி. ஆத்துக்குக் காது இருக்கு."

விருந்தன்று விடிந்ததும் புறப்பட்டார்கள். லொரெய்ன் சைக்கிளில் முன்னே. கையுறைப் பை பின்னால் கட்டியிருந்தது. ஆற்றைக் குத்திப் பார்க்கிற கோல் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பாத்திரங்களும் மற்றப் பரிசுகளும் ஏற்றிய சறுக்குவண்டியைப் பனிவண்டியில் இழுத்துக்கொண்டு பியூலா பின்னே. இரைச்சல் காதில் விழாத தூரத்தில்தான் வர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதலில் பின்னால் வண்டியின் இரைச்சல் தேய்ந்து மறைந்தது. பிறகு டயரின் மெல்லிய நறநறப்பு மட்டும் கேட்டது. அதற்கடியில் ஆறும் கேட்டது. கெட்டியான இடத்தில் சத்தம் இறுக்கமாக வந்தது. எங்கோ தொலைவில் ஒரு விரிசல் ஓடி அடங்கியது. சிறுமியாக நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் போன நாட்களில் கேட்ட ஓசை இது. பனிவண்டிகள் வந்தபின் ஊரில் யாரும் இதைக் கேட்பதில்லை. முன்னே போன வண்டித்தடம் ஒன்று கிடந்தால் போதும், அதை நம்பிப் போய்விடுவார்கள்.

ஓர் ஓடை ஆற்றில் வந்து சேரும் இடம். தடம் நேராக அதன் குறுக்கே போனது, நேற்றைய தடம், இன்னும் புதிதாக இருந்தது. லொரெய்ன் அதன்மேல் ஏறினாள். சட்டென்று சத்தம் மாறியது. காலிப் பீப்பாயின் மேல் உருள்வது போல ஒரு தொம்.

மெல்ல இறங்கினாள். சைக்கிளைக் கிடத்தினாள். கோலை எடுத்துக் குத்தினாள். தாங்கியது. ஓரடி முன்னே எட்டிக் குத்தினாள். கோல் தடையே இல்லாமல் உள்ளே போனது. கருந்தண்ணீர் கொப்பளித்துப் பனியை நனைத்தது.

பின்னால் வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்டது. நெருங்கிக்கொண்டிருந்தது.

எந்தக் காலில் விறைப்பு என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளோ அந்தக் காலால்தான் லொரெய்ன் ஓடினாள். சைக்கிளை இழுத்து வந்து தடத்தின் குறுக்கே போட்டாள். அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். வளைவைத் தாண்டி வந்த பியூலா கடைசி நேரத்தில்தான் பார்த்தாள். வண்டி ஒடித்துத் திரும்பி ஆழப்பனிக்குள் பாய்ந்து நின்றது. ஒரு பாத்திரம் உருண்டோடியது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? ஏத்தியிருப்பேன் அண்ணி!"

லொரெய்ன் கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். பியூலாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஓட்டையைக் காட்டினாள். பியூலா அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து சாயங்காலம் கீழூர்ல இருந்து ரெண்டு வண்டி இதே வழியாத்தான வந்துச்சு..."

"ராத்திரியில ஓடைத்தண்ணி அடியில அரிச்சிருக்கும்."

"எனக்கு எதுவுமே தெரியலையே. ஒண்ணுமே கேக்கலையே."

"வண்டி மேல இருந்தா யாருக்கும் கேக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது லொரெய்னுக்கே உறைத்தது. கோலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். க்ளெமென்ட் மூழ்கிய இடம் இதுவல்ல, இன்னும் கீழே. ஆனால் அதுவும் ஓர் ஓடை வாய்தான். அங்கேயும் முந்தின நாள் தடம் ஒன்று கிடந்தது.

"பியூலா... உங்க அண்ணனுக்கும் கேட்டிருக்காது."

"அன்னிக்கு அவன் குடிக்கல அண்ணி. கிளம்புறப்போ எங்கிட்ட போன்ல பேசினான். எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நீங்க நம்பல."

"நம்பலதான்." லொரெய்ன் ஓட்டையையே பார்த்தாள். "ஒரு வருஷமா அவன்கூடச் சண்ட போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்டி. பதில் சொல்ல அவன் இல்லன்னுகூடத் தோணல."

அப்போதுதான் அழுதாள். கண்ணீர் இமையிலேயே உறைந்தது. பியூலா கையுறையைக் கழற்றி வெறும் உள்ளங்கையால் அவள் கண்களைப் பொத்திப் பனியை இளக்கினாள்.

பிறகு வேலையைப் பார்த்தார்கள். கரையேறி ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளை வெட்டி, பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கையாக ஓட்டையைச் சுற்றித் தள்ளி நட்டார்கள். லொரெய்ன் கோலால் குத்திக் குத்திப் புதுவழி கண்டாள். பியூலா வண்டியை ஊர விட்டு அவள் பின்னால் வந்தாள்.

கீழூர்ச் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. மூஸ் மான் இறைச்சிச் சாற்றின் ஆவி ஜன்னல்களில் படிந்திருந்தது. லொரெய்ன் எழுந்ததும் பேச்சு அடங்கியது. முதல் ஜோடியை எட்வினிடம் கொடுத்தாள். அன்று கொக்கியில் க்ளெமென்ட்டின் பாரத்தை முதலில் உணர்ந்த கை அவருடையதுதான்.

"என் புருஷன் ஆத்த மதிக்காமப் போகல" என்றாள் கூடத்தைப் பார்த்து. "குடிச்சிட்டும் போகல. தடத்த நம்பிப் போனான், நம்ம எல்லாரையும் மாதிரி. அவனுக்குக் கேக்கல. நீங்க அவன எனக்குத் திருப்பிக் கொடுத்தீங்க. அதுக்கு நான் அன்னிக்கு நன்றி சொல்லல. இப்ப சொல்றேன்."

யாரும் தலை தூக்கவில்லை. குடித்திருப்பான் என்று அந்தக் கூடத்திலும் பலர் சொல்லியிருந்தார்கள்.

எட்வின் கையுறைகளை அணிந்து விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வர்ற வழியில ஓட்டை இருந்துச்சாமே. எந்த ஓடைம்மா?"

சாப்பாட்டுக் கிண்ணங்களை ஏந்தியபடி ஆண்கள் அவள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். லொரெய்ன் சிந்தியிருந்த சாற்றில் விரலைத் தொட்டு, பலகைமேல் ஆற்றின் வளைவை வரையத் தொடங்கினாள்.