பீரங்கிக்கு மேலே மிளகு

யுத்தம் தொடங்கிய மறு வருடம் கப்பல் கிடைக்காமல் மிளகு வியாபாரம் படுத்துவிட்டது. அப்போதுதான் ராணுவ ஒப்பந்தக்காரர் மருதாசலம் திருப்புலி நாடு என்ற மலைப்பகுதிக்கு ஏறி வந்து, மிளகு விவசாயி மாதேஸ்வரனிடம் நாற்பது மூட்டை பொக்கு மிளகு கேட்டார். பொக்கு என்றால் உள்ளே ஒன்றுமில்லாதது, தூற்றினால் பறந்துவிடும். விலையும் பொக்கு விலைதான். ஆனால் மூட்டைகளில் மாதேஸ்வரனின் குறியான மூன்று செம்மண் கோடுகள் இருக்க வேண்டும் என்றார். குறியில்லாத மூட்டை வியாபாரச் சரக்காகத் தெரியாதாம்.

ஒரு சரக்குக் கப்பலில் பீரங்கிகளை ஏற்றி, அவற்றின்மேல் இந்த மூட்டைகளை அடுக்கப் போகிறார்கள். போரில் சேராத நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் கரி ஏற்ற நிற்கும்போது யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. இதை மாதேஸ்வரனிடம் யாரும் சொல்லவில்லை.

முள்ளுக்குறிச்சிச் சந்தை வியாபாரிகள் அந்த மூன்று கோடுகளைப் பார்த்தால் சாக்கைப் பிரிக்காமலே நிறுத்து எடுப்பார்கள். அந்தக் குறியின் கீழ் பொக்கை அடைக்க மாதேஸ்வரனுக்குக் கை வரவில்லை. விற்காமல் கிடந்த முதல்தர மிளகையே நிரப்பினார்.

"பொக்கு விலைக்கு நல்ல மொளகு குடுக்கற மகராசன் நீங்க ஒருத்தருதானுங்க," என்றாள் மனைவி பெருமாயி. சொல்லிக்கொண்டே மூட்டைகளைத் தைத்தும் கொடுத்தாள்.

அந்தத் துறைமுகத்தில் சுங்கக்காரர் ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்து, மிளகின் தரத்தைப் புகழ்ந்திருக்கிறார். சேதி பரவி உள்ளூர் வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்ல, சரக்குக் கப்பலுக்கே உரிய புத்தியுடன் கேப்டன் நாற்பதையும் விற்றுவிட்டார். கடைசி மூட்டையைத் தூக்கியபோது பட்டப்பகலில் பீரங்கிகள் தெரிந்தன. கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

மருதாசலம் ஒரு அதிகாரியுடன் மறுபடி மலையேறி வந்து நடந்ததைச் சொன்னார். நல்ல மிளகாக இருந்ததால்தான் விற்றேன் என்று கேப்டன் பழியை மருதாசலத்தின் மேல் போட்டிருந்தார். ஏற்றியது பொக்குதான், கேப்டன் பொய் சொல்கிறார் என்று மாதேஸ்வரன் வாக்குமூலம் கொடுத்தால் அடுத்த கப்பலுக்கும் அவரே மிளகு தரலாம் என்றார்.

"பொக்குன்னு என் வாயால சொல்ல மாட்டேனுங்க," என்றார் மாதேஸ்வரன். "பீரங்கி உங்களுதுங்க. மொளகு என்னுது."

நல்ல சரக்குக் கொடுத்த குற்றத்துக்காக அரசாங்கம் இனி அவரிடம் எதுவும் வாங்காது என்று அதிகாரி அறிவித்தார். மருதாசலத்துக்கு ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து மாதேஸ்வரன் தன் மிளகு மூட்டைகளோடு மலையிறங்கியபோது, அடிவாரத்துக் காரவள்ளியில் மருதாசலத்தின் மூட்டைகள் வண்டிக்குக் காத்திருந்தன. எல்லாம் வேறு ஆட்களிடம் வாங்கிய பொக்கு. ஒவ்வொன்றிலும் மூன்று செம்மண் கோடுகள்.

"வெளிநாட்டுல உன் குறிக்குத்தான் பேரு, சாமி," என்றார் மருதாசலம். குரலில் கேலி இல்லை.

மாதேஸ்வரன் நேரே ஓடைக்குப் போனார். வெறும் சாக்கு ஒன்றை நனைத்து வந்து தன் மூட்டைகளின் கோடுகளைத் தேய்த்து அழித்தார். அன்று முள்ளுக்குறிச்சிச் சந்தையில் எல்லா மூட்டைகளின் வாயையும் அவரே பிரித்து வைத்து, கையை விட்டுப் பார்க்கும்படி ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்.