வயிற்றுத் தண்ணீரில் ஒரு கோழிமுட்டை

பெற்றிசியா மெஷினை மூன்றாந்தரமும் ஓட்டிப் பார்த்தாள். அதே எட்டுத் தசம் ஒன்பது. மனுசருடைய இரத்தத்திலேயே இவ்வளவு புரதம் இராது. பள்ளிமுனை பஸ்ரியனின் வயிற்றில் கட்டிய தண்ணீருக்கு மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

மன்னார் பஸாரில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த லாப்பில் அவள் சேர்ந்து நாலு மாதம். குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள். அவள் அனுப்பிய றிப்போட்டைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து டொக்டர் நவரத்தினம் போன் எடுத்தார்.

"பிள்ளை, போத்தலை மாத்திப்போட்டீர் போல."

"நான் ஒண்டையும் மாத்தேல்லை, சேர்."

"அப்ப அந்த மனுசன்ரை வயித்துக்க என்ன, இறைச்சிச் சூப்பே? ஒரு மணித்தியாலத்துக்குள்ள சரியான றிப்போட் வேணும். இல்லாட்டி இனி என்ரை போத்தலெல்லாம் வவுனியாவுக்குத்தான்."

போத்தல்கள் போனால் முதலாளி அவளையும் அனுப்பிவிடுவார், வவுனியாவுக்கல்ல, வீட்டுக்கு.

நாலு வருசம் கண்முழித்துப் படித்தது 'போத்தல் மாத்தினவள்' என்று பேர் எடுக்கவா? பல்லைக் கடித்துக்கொண்டு போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்குச்சளி மாதிரி ஏதோ நூல் நூலாக மிதந்தது. அடியில் மண்ணிறத் துண்டொன்று. இடுக்கியால் எடுத்தாள். முட்டைக்கோது.

வெளியே வாங்கில் இருந்தபடி பஸ்ரியனின் மனுசி மாக்கிறட் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். வாட்டிலிருந்து போத்தலைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

"அன்ரி, முட்டை எத்தினை?"

"எந்த முட்டை?"

"அங்கிளின்ரை வயித்துக்க இருந்த முட்டை. அடைகாக்கிறாரோ?"

செபமாலை நின்றது. "ஒண்டுதான், பிள்ளை. வெள்ளைக்கரு மட்டும். போத்தல் கொள்ளேல்லை எண்டு தண்ணியில முக்கால்வாசியை முருங்கையடியில ஊத்திப்போட்டன்."

வாட்டில் நேர்ஸ் சொன்னாளாம்: புரதம் கூடவென்றால் இருதயத்தைப் பார்க்கவேணும், குறையவென்றால் ஈரலை.

"ஈரலெண்டால் ஊரில சாராயமெண்டுதானே கதைப்பினம்! மனுசன் கோயில் மூப்பர். பெருநாளுக்கு இன்னும் பத்து நாள். இருதயமெண்டால் மரியாதையான வருத்தம், பிள்ளை."

"உங்கடை மரியாதைக்கு அவர் இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடிக்கவேணுமோ? நான் வேலையை விட்டுப்போட்டு நிக்கவேணுமோ?" பெற்றிசியாவின் குரல் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டது. "ஆர் குடிச்சது, ஆர் குடிக்கேல்லை எண்டு இந்தத் தண்ணி சொல்லாது. ஈரல் கொழுப்பாலயும் கெடும், சீனி வருத்தத்தாலயும் கெடும்."

"சீனியாலயுமோ?" மாக்கிறட் நிமிர்ந்து இருந்தாள்.

'மாதிரியில் கோழிமுட்டை. திரும்ப எடுக்கவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினாள். டொக்டர் உடனே போன் எடுத்தார்.

"கோழிதானே? வாத்து இல்லையே?"

"அதுக்கு வேற ரெஸ்ட், சேர்."

இரண்டாந்தரம் அவளே வாட்டுக்குப் போய், மாக்கிறட்டை ஒரு கண்ணால் பார்த்தபடி போத்தலை வாங்கி வந்தாள். ஒன்று தசம் ஒன்று. இரத்தத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஈரல்தான். அன்றைக்கே மருந்து தொடங்கியது. "இனி என்ரை போத்தலெல்லாத்தையும் நீரே வந்து எடும்" என்றார் டொக்டர். மன்னிப்பு என்ற சொல் அவருக்குத் தெரியாதுபோல.

றிப்போட்டை வாங்கிக்கொண்டு இறங்கிய மாக்கிறட், கீழே ஓட்டோவில் ஏறமுதலே ஆருக்கோ போனில் கத்தினாள்.

"சாராயமில்லை, தேத்தண்ணியடி! கோப்பைக்கு ஏழு கரண்டி சீனி! லாப் பிள்ளையே மெஷினில பாத்துச் சொன்னது!"

பெற்றிசியா யன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"அன்ரி! நான் அப்பிடிச் சொல்லேல்லை!"

ஓட்டோ போய்விட்டது.