எண்ணெய் பட்ட பந்து

கடைசி ஓவர். முல்லைத்தீவு அணிக்கு இன்னும் பதினொரு ஓட்டம் வேண்டியிருந்தது. இலட்சுமிக்கு வேண்டியிருந்தது ஆறு பந்து தாங்கக்கூடிய ஒரு தோள்.

"ஏலுமோடி?" என்றாள் ராஜினி. கிளிநொச்சித் தொழில்நுட்பக் கல்லூரிப் பெண்கள் அணிக்கு அவள்தான் தலைவி. கேட்டுக்கொண்டே பந்தைத் தன் சட்டையில் துடைத்தாள்.

"ஏலாதெண்டா என்ன செய்யப் போறாய்? நீயே போடப் போறாய்?"

ராஜினியால் போட முடியாது. எட்டு ஓவர் மென்பந்து ஆட்டம். ஒருத்தி இரண்டு ஓவருக்கு மேல் போடக்கூடாது. அணியில் ஒழுங்காகப் பந்து போடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்திக்கு அம்மாள் வருத்தம் வந்து வீட்டில் வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தாள். ராஜினியோடு சேர்த்து மற்ற மூவரும் தங்கள் பங்கைப் போட்டு முடித்துவிட்டார்கள். காயப்பட்டு ஒருத்தி வெளியே போனால் பதிலுக்கு ஒருத்தி உள்ளே வரலாம், ஆனால் வருகிறவள் பந்தைப் பொறுக்கலாமே தவிரப் போடக்கூடாது. ஆக, மிஞ்சியிருந்தது இலட்சுமியின் வலக்கை மட்டுந்தான்.

அந்தக் கைக்கு வந்த கேடு ஆடுகளத்தில் வந்ததில்லை. இரண்டு கிழமைக்கு முன்னால் அக்கராயனில் வயலுக்குத் தண்ணீர் இறைக்க மெசினின் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். மெசின் ஒருதரம் இருமிவிட்டு கயிற்றைத் தன் பக்கம் வெடுக்கென்று திருப்பி இழுத்துக்கொண்டது. கயிறு போன வழியிலேயே தோளும் போய்விட்டு வந்தது போலிருந்தது. அப்பா ஆண்டியப்பன் அன்றைக்கே அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நாட்டு வைத்தியம் பார்க்கிற வீரையாப் பரியாரியாரிடம் போனார். பரியாரியார் தோளைத் தடவிப் பார்த்து, நோவெண்ணெயில் துணியை ஊறவைத்து, அக்குளையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். "அடுத்த பறுவம் வரைக்கும் அவிழ்க்கப்படாது பிள்ளை. கையை உயர்த்தவும் படாது" என்றார்.

முழுநிலவு நாளான அந்தப் பறுவத்துக்கு முன்னால் இறுதியாட்டம் வந்துவிட்டது. தகரப் பந்தலுக்குக் கீழே மாகாண அணிக்கு ஆள் எடுக்க வந்த கமலாட்சி மிஸ் உட்கார்ந்திருந்தா. போன வருடம் ஒருத்தி முதுகு நோவை மறைத்து அணிக்குள் போய், முதல் ஆட்டத்திலேயே படுத்த படுக்கையானதிலிருந்து, காயம் என்று தெரியவருகிற எவளையும் அந்த வருடத் தெரிவில் எடுப்பதில்லை என்று விதி வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் வரலாமே என்று சொல்ல இலட்சுமிக்கு அடுத்த வருடமும் கிடையாது. வயதெல்லை இருபத்திரண்டு. அவளுக்கு இருபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. புழுதியிலேயே பந்து போட்டுப் பழகிய அவளுக்கு, கொழும்பில் ஒரு புல்தரையில், பந்து எப்படிக் குத்தி எழும்புகிறது என்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதனால் அன்று காலையில் விடுதிக் குளியலறையில் ராஜினி கட்டை அவிழ்த்துவிட்டாள். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் மணம் போகவில்லை. "உன்னில பரியாரியார் வீடே மணக்குதடி" என்று சொல்லி, குழந்தைப் பவுடர் ஒரு டின்னை அவள் தோளில் கவிழ்த்தாள். பவுடர் அடித்த தோளுக்கு மேலே நீளக்கைச் சட்டை. இருவரும் அதோடு காரியம் முடிந்ததென்றுதான் நினைத்தார்கள். ஆனால் நோவெண்ணெய் கழுவினால் போகிற சாமான் இல்லை. உடம்பு சூடேற ஏற அது உள்ளே இருந்து திரும்ப வெளியே வரும். பரந்தன் மைதானத்து மத்தியான வெயிலில், வியர்வையோடு சேர்ந்து முழங்கை வழியாக இறங்கி உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது.

இலட்சுமி ஓடி வந்தாள். கை முழுவதும் சுற்றி வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் வரும்போது தோளுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். பந்து வழுக்கி இடுப்புயரத்தில் போனது. எதிரே மட்டையோடு நின்ற ஸஹீலா அதை இடப்பக்கம் தட்டிவிட்டு இரண்டு ஓட்டம் எடுத்தாள். முல்லைத்தீவு அணியின் நம்பிக்கையே அவள்தான்.

"சோறு தின்னேல்லையோ இவ?" என்று எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

இரண்டாவது பந்தும் வழுக்கியது. ஆனால் இந்தத் தடவை நிலத்தில் குத்தியதும் எழும்பாமல், தண்ணீரில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போலச் சறுக்கிக்கொண்டு மட்டைக்குக் கீழால் ஓடியது. விக்கெட் காப்பாளர் தயாளினியின் கையிலும் பட்டுத் தெறித்து, ஸஹீலாவின் காலடியில் வந்து நின்றது. ஸஹீலா மரியாதைக்குக் குனிந்து எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கொடுக்கவில்லை. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

"அம்பயர் சேர், ஒருக்கா வாங்கோ. இந்தப் பந்தில எண்ணெய்."

நடுவர் கிருசாந்தன் சேர் வந்து பந்தை வாங்கினார். ஒரு பக்கம் கறுத்து, புழுதி அப்பிப் போயிருந்தது. அவருடைய முகமும் மெல்ல அந்த நிறத்துக்கு மாறியது.

"ஆர் பூசினது?"

பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. வேணுமெண்டு பந்தைப் பழுதாக்கினா மேட்ச் முடிஞ்சுது. கப்பை முல்லைத்தீவுக்குக் குடுத்திட்டு நான் வீட்ட போயிடுவன். ஆர் பூசினது?"

"தலைக்கு வைச்ச எண்ணெயாயிருக்கும் சேர்" என்றாள் தயாளினி.

ஸஹீலா விரலை மூக்கருகே கொண்டுபோனாள். "தேங்காயெண்ணெய் இப்பிடியோ மணக்கும்? இது நோவெண்ணெய். எங்கட வாப்பா ராவில முழங்காலுக்குப் பூசிறவர். வீடு முழுக்க இதே மணம்தான்."

பந்தலுக்குக் கீழே கமலாட்சி மிஸ் கதிரையை விட்டு எழுந்தா. இலட்சுமி வாய் திறந்தால் தெரிவு போகும். திறக்காவிட்டால் பதினொரு பேரும் கள்ளர். வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்த அசைவுக்கே கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அது என்ர எண்ணெய் சேர்" என்றது ஒரு குரல்.

ராஜினி முன்னால் வந்து நின்றாள். "எனக்கு முழங்கால் நோ. இடைவேளைக்குள்ள பூசினனான். கை கழுவ மறந்துபோனன். ஓவருக்கு முன்னம் நான்தான் பந்தைத் துடைச்சுக் குடுத்தனான், எல்லாரும் பாத்தவை."

பச்சைப் பொய். ஆனால் கணக்குப் பிசகாத பொய். ராஜினிக்கு வயதெல்லை தாண்டிவிட்டது. மாகாணத் தெரிவில் அவளுக்கு இழக்க எதுவும் இல்லை. அவளுடைய ஓவர்களும் முடிந்துவிட்டன.

நடுவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வருத்தமெண்டா முதலே சொல்லோணும். வெளியில போம். பதிலுக்கு ஆள் வரட்டும். வேற பந்து எடுங்கோ. இனியொருக்கா எண்ணெய் கண்டன் எண்டா ஒரு கதையுமில்லை."

ராஜினி இடக்காலை இழுத்து இழுத்து நடந்தாள். பாதிவழியில் மறந்துபோய் வலக்காலை இழுக்கத் தொடங்கினாள். தயாளினி கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இலட்சுமி சிரிக்கவில்லை. புதுப்பந்து கைக்கு வந்திருந்தது. உள்ளங்கையை மண்ணில் தேய்த்து, காற்சட்டையில் துடைத்து, மறுபடியும் மண்ணில் தேய்த்தாள். தெரிவு இன்னும் அவளுக்கு இருக்கிறது. ராஜினி எடுத்துத் தந்திருக்கிறாள். நான்கு பந்தை எப்படியாவது அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் போதும்.

ஓடினாள். கை தோளுயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இழுத்தும் வரவில்லை. உள்ளே ஏதோ நழுவி ஒன்றன்மேலொன்று ஏறியது. விரலை விட்டுக் கழன்ற பந்து பாதிவழியில் குத்தி, இன்னொருதரம் குத்தி, உருண்டு வந்தது. "நோபோல்!" என்று நடுவர் கையை நீட்டினார். மூத்திரம் போவதற்கு நிற்கும் கன்றுக்குட்டி மாதிரி இலட்சுமி கால்களை அகட்டிக் குனிந்து நின்றாள். வாயில் இரத்தம் உப்பாகத் தெரிந்தது, உதட்டைக் கடித்திருக்கிறாள்.

அந்தப் பந்தை எங்கே வேண்டுமானாலும் அடித்திருக்கலாம் ஸஹீலா. அடிக்காமல், ஆடுகளத்தின் நடுவிலிருந்த ஒரு கல்லைப் பொறுக்குகிற பாவனையில் வந்தாள்.

"தோள்தானே?"

இலட்சுமி நிமிர்ந்து உதட்டைத் துடைத்தாள்.

"அவ நொண்டின நொண்டல்லயே விளங்கிட்டுது. நான் ஆருக்கும் சொல்லமாட்டன். ஆனா ஒண்டு, நீ இப்பிடிப் போட்டா நான் அடிப்பன். எனக்கும் அந்த மிஸ் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா."

"அடி. ஆர் வேண்டாமெண்டது."

"விசரி" என்றுவிட்டு ஸஹீலா திரும்பிப் போனாள்.

தேவை எட்டு. எல்லாரும் அவரவர் இடத்தில் குனிந்து தயாராக நின்றார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே ராஜினி ஒரு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோவில்லாத அந்தக் காலை அவள் அப்படி நீவிக்கொண்டிருந்தது இலட்சுமியை என்னவோ செய்தது. இந்தத் தோளை வைத்து நான்கு பந்து போட்டால் ஆட்டம் நிச்சயம் போகும். தெரிவில் எடுத்தாலும், கொழும்பில் முதல் நாள் "கையைச் சுழட்டு" என்பார்கள். அன்றைக்கு யார் முழங்காலைக் காட்டுவது?

பந்தை இடக்கைக்கு மாற்றினாள். நடுவரிடம் நடந்தாள்.

"சேர், எண்ணெய் என்ர. என்ர தோளில பூசினது. பந்துக்கு ஆரும் பூசேல்லை. அது தானா இறங்கி வந்தது."

கிருசாந்தன் சேர் எல்லைக்கோட்டுப் பக்கம் ராஜினியைக் காட்டினார். "அப்ப அந்தப் பிள்ளை?"

"எனக்காகச் சொன்னவ."

"நடுவரிட்ட பொய் சொன்னா நான் உங்கட கல்லூரிக்கு எழுதோணும். தெரியுமோ?"

அது இலட்சுமிக்குத் தெரியாது. தன் வாயால் தன்னுடையது மட்டுந்தான் போகும் என்று எண்ணியிருந்தாள். சொன்னதைத் திருப்பி விழுங்க முடியாது. "அவவை விடுங்கோ சேர். நான்தான் சொல்லச் சொன்னனான்" என்று இன்னொரு பொய்யைக் கட்டப் பார்த்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காணும். வெளியில போம். பந்தை ஆரிட்டையும் குடும்."

பந்து தயாளினியிடம் போனது. அவள் வலைப்பயிற்சியில் மற்றவர்களுக்கு அடிக்கப் பந்து எறிந்து கொடுக்கிறவள். ஆட்டத்தில் ஒருநாளும் போட்டதில்லை. "என்ர அம்மாளாச்சி" என்று சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றினாள்.

இலட்சுமி எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ராஜினி துள்ளியெழுந்தாள். கால்நோவு எங்கே போனதோ.

"என்னடி சொன்னனீ அவரிட்ட?"

"உள்ளதைச் சொன்னன்."

"உள்ளதோ? பிறகேன்டி நான் நொண்டினனான்? இவ்வளவு சனத்துக்கு முன்னால விசரி மாதிரி நொண்டினன். என்னையும் மாட்டிவிட்டுட்டு வந்து நிக்கிறாய். மொக்கு! சுத்த மொக்கு!"

"கை வரேல்ல ராஜினி. தூக்கினனான், வரேல்ல."

ராஜினிக்குக் கோபம் கூடியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கமலாட்சி மிஸ் பந்தலிலிருந்து கூப்பிட்டா. "இஞ்ச வாரும். தூக்கும் பாப்பம்."

இலட்சுமி தூக்கினாள். தோளுயரத்தில் கை நின்றுவிட்டது. மிஸ் ஒரு விரலால் முழங்கையைக் கீழிருந்து இலேசாகத் தள்ளினா. "ஆ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

"கட்டியிருந்ததை அவிழ்த்தனீரோ?"

"ஓம் மிஸ்."

"முதலாவது ஓவரில உம்மடை பேரைத்தான் மனசில வைச்சிருந்தனான்." அவ அதைத் தேறுதலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னா. "இனி ஏலாது. விளங்குதே?"

"விளங்குது மிஸ்."

"பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒரு படம் எடும். எண்ணெயோட மட்டும் நிக்காதேயும்."

அவர்களுக்குப் பின்னால் தயாளினி வானத்தைப் பார்த்துப் பந்தை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு மெதுவான பந்து ஸஹீலாவுக்குப் பழக்கமில்லை. ஒன்றைச் சும்மா விட்டாள். ஒன்றில் இரண்டு. அடுத்ததிலும் இரண்டு. கடைசிப் பந்துக்கு நான்கு வேண்டும். இலட்சுமி திரும்பிப் பார்க்கும்போது பந்து தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. வேலிக் கம்பியில் பட்டு, அந்தப் பக்கம் நின்ற மாட்டை மிரட்டிவிட்டு விழுந்தது. முல்லைத்தீவுப் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஸஹீலா மேல் விழுந்தார்கள்.

அன்று மாகாண அணிக்கு வாசித்த பெயர்களில் கிளிநொச்சியிலிருந்து ஒருத்தியும் இல்லை. ஸஹீலாவின் பெயர் இருந்தது. அவள் இலட்சுமியைத் தேடிப் பார்த்தாள். இலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். 

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ராஜினி பத்தடி தள்ளி நின்றாள். தயாளினி நடுவில் நின்று இரண்டு பக்கமும் கதை கொடுத்துப் பார்த்துத் தோற்றாள். "நான் போட்ட பந்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை" என்று கடைசியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பஸ் வந்தது. சனம் முண்டியடித்தது. இலட்சுமி பழக்கத்தில் வலக்கையால் பையைத் தூக்கப் போய், பாதியில் நின்றாள். யாரோ அதைப் பறித்தார்கள். ராஜினி. முகம் இன்னும் அதே கடுகடுப்புத்தான். இரண்டு பையையும் ஒரு தோளில் போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்த துவாயை உருவி, படியிலே நின்றபடியே இலட்சுமியின் கையை மடித்து மார்போடு சேர்த்துக் கட்டினாள். இறுக்கித்தான் கட்டினாள்.

"நோகுதடி!"

"நோகட்டும்" என்றாள் ராஜினி. "ஏறு. பின்னால சனம் நிக்குது."

முடிச்சைப் போட்டபோது மட்டும், தோளில் படாமல் விரலை ஒதுக்கிக்கொண்டாள்.